இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோர்களே,

வணக்கம். இரண்டாம் தவணை முடிகிறது. வலய மட்டத் தமிழ்த்தினப் போட்டியில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். கரப்பந்து அணியும் பரவாயில்லை. புதிய தண்ணீர்த் தாங்கி வந்துவிட்டது. சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் தரம் 7இல் நடந்தது உங்கள் வாட்ஸ்அப்பில் வேறு வேறு விதமாகச் சுற்றுவதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். புவியியல் பாடத்தில் டீச்சர், இலங்கையின் இரண்டாவது உயரமான மலை சிவனொளிபாதமலை என்று பலகையில் எழுதினார். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "இல்ல டீச்சர், கிரிகல்பொத்த" என்றது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் டீச்சர். மறுநாள் காலை முதல் வேலையாகப் பலகையில் எழுதினார்: "நேற்று நான் சொன்னது பிழை. கிரிகல்பொத்ததான் சரி." பிள்ளைக்கு அதைச் சொன்னது, கிரிகல்பொத்த இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த மாமாவாம்.

அந்த வாரமே 4 பெற்றோர் என் அறைக்கு வந்தார்கள். "டீச்சருக்கே தெரியாட்டி பிள்ளைகள் எப்படிப் பாஸ் பண்ணும்?" என்றார்கள். ஒருவர் டீச்சரையே மாற்றச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், முதலில் நானும் உங்கள் பக்கம்தான். டீச்சரைக் கூப்பிட்டு, "சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாமே, பலகையில் எழுதணுமா?" என்று கேட்டேன். "சத்தமில்லாமல் திருத்தினா அந்தப் பிள்ளை இனிமேல் வாய் திறக்காது சேர்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். நான் கேட்டதுதான் பிழை.

சிவனொளிபாதமலையையே பாருங்கள். ஒரு காலத்தில் இந்தத் தீவில் எல்லாவற்றிலும் உயர்ந்தது அதுதான் என்று நம்பினார்கள். தனியாகக் கூராக எழுந்து நிற்பதால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அளந்து பார்த்தால் 2,243 மீற்றர், உண்மையில் எல்லாவற்றிலும் உயர்ந்த பிதுருதலாகலை 2,524. அதனால் மலையின் மகிமை குறைந்துவிட்டதா? யாத்திரை சீசனுக்கு நாம் ஏறாமலா இருக்கிறோம்?

பிழையை ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று. நம் கொப்பாட்டன்மாரை இந்த மலைநாட்டுக்கு முதலில் கூட்டி வந்தது தேயிலை இல்லை, கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. அதற்குப் பிறகும் பல வருடம், விலை நன்றாக இருக்கிறதே என்று துரைமார் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கண்ணெதிரே அது இருந்தும் பலருக்கு மனம் வரவில்லை. கடைசியில் கடனில் மூழ்கித் தோட்டத்தை விட்டே போனார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒளித்துப் பேச முடியாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடி விழுந்திருக்கிறது, "பெரியவங்களுக்கே சொல்லிக் குடுக்கிறியா" என்று. இப்போது அது வகுப்பில் கையைத் தூக்குவதில்லை. இது சரியில்லை. டீச்சரை மாற்றப் போவதில்லை. பிழையைத் திருத்திய குற்றத்துக்கு ஆசிரியரை மாற்றச் சொல்லி இனி யாரும் என் அறைக்கு வர வேண்டாம்.

மரியாதை கெட்டுப்போகும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதை நாங்களும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, டீச்சர் என்று சொல்லித்தான் பேசியது. விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், மழையில் நனைந்து கொழுந்தெடுத்து, இருட்டிய பிறகு அடுப்பு மூட்டும் நேரத்தில் பிள்ளை பத்துக் கேள்வி கேட்டால் எரிச்சல் வரும்தான். எனக்கும் வரும். "எனக்குத் தெரியாது, நாளைக்கு டீச்சர்கிட்ட கேளு" என்றாலே போதும்.

என்னிடம் வந்த நான்கு பேருக்கும் நன்றி. ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பேசியது சின்ன விஷயம் இல்லை. அதில் ஒரு தாய், போன கிழமை மறுபடி வந்து டீச்சரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கியதும் பெற்றோர் கூட்டம் இருக்கும். வரும்போது, பிள்ளை கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாமல் போன ஒரு கேள்வியைத் துண்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
அதிபர்