துணி காயப்போடவா வாங்கினாய்?

டொரொன்டோ
7 டிசம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியையும் வாண்டுகளையும் விசாரித்ததாகச் சொல். சேகர் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. அவனே போன் பண்ணிச் சொல்வான், அப்போது புதிதாகக் கேட்கிற மாதிரி நடி. அவ்வளவுதான் ஊர் நியூஸ்.

பேஸ்மென்ட் போட்டோ அனுப்பினாயே, பிள்ளைகளைக் காட்டத்தான் அனுப்பினாய், தெரியும். ஆனால் பின்னால், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற டிரெய்னரில் நிற்கிற சைக்கிளின் ஹேண்டில்பாரில் இரண்டு பனியனும் ஒரு துண்டும் தொங்குவதும் சேர்ந்தே விழுந்திருக்கிறது மாப்ள. "2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போறோம்டா" என்று செப்டம்பரில் ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பியவன் நீதானே? 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய சைக்கிள் ஓட்டம். பனியன் காய அவ்வளவு நேரம் ஆகாது.

"மனசே வரமாட்டேங்குது" என்று எழுதியிருக்கிறாய். எவனுக்குத்தான் வரும்? உன் ஒட்டாவாவில் இந்த மாதம் நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்தபடி "இன்னிக்கு ஏறலாமா?" என்று கேட்டால் மனசு வேண்டாம் என்றுதான் சொல்லும். அந்தக் கேள்வியையே சாயங்காலத்தில் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கச்சியோடு உட்கார்ந்து, எந்த மூன்று நாள், எத்தனை மணி என்று முடிவு பண்ணி ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டு. ஒரு நாள் தவறினால் போகட்டும், ஈடுகட்டுகிறேன் என்று மறுநாள் இரட்டிப்பாக ஓட்டாதே. அடுத்தடுத்து இரண்டு நாள் தவறவிடக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். ஏறிப் பத்து நிமிஷம் மிதித்த பிறகும் உடம்பு முடியாது என்றால் இறங்கிவிடு, அது தோல்வி இல்லை. பெரும்பாலும் இறங்கமாட்டாய்.

ஆனால் எனக்கென்னவோ உன் விஷயத்தில் பாதிக் குற்றவாளி மனசு இல்லை, சூடு. "அரை மணிக்கு மேல தாங்க முடியல, நெஞ்சு படபடங்குது" என்கிறாய். மின்விசிறி இருக்கிறதா என்று கேட்டால் "வெளியே மைனஸ் பத்து, எதுக்குடா ஃபேன்" என்கிறாய். கணக்கைப் பார். உடம்பு எரிக்கிற சக்தியில் நூற்றுக்கு 20, 25 பங்குதான் பெடலுக்குப் போகிறது. நீ 150 வாட் மிதித்தால் அதைப் போல மூன்று, நாலு மடங்கு சூடாக வெளியே வருகிறது. ரோட்டில் எதிர்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பேஸ்மென்ட்டில் அதே காற்று உன்னைச் சுற்றியே நிற்கிறது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓடும், அதே 150 வாட்டுக்கு இதயத்துடிப்பு பத்து, பதினைந்து ஏறிவிடும். நீ அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறாய். டேபிள் ஃபேன் போதாது. ஸ்டாண்டு ஃபேன் ஒன்றை ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில், நெஞ்சுக்கு நேராக வை. வியர்த்த பிறகு இறங்கிப் போய்ப் போடுவது பிரயோஜனமில்லை, மிதிக்க ஆரம்பித்து ஐந்தாவது நிமிஷமே ஓடட்டும். அந்த அறைக்கு வருகிற ஹீட்டர் வெண்ட்டையும் மூடு. 15, 16 டிகிரியில் ஏறும்போது நடுங்கினால்தான் சரியான அறை. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. சாப்பாட்டுக்கும் ஏறுவதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடு. வயிறு நிறைய சாம்பார் சாதத்தோடு ஏறினால் உன்னை எந்த ஃபேனும் காப்பாற்றாது.

வியர்வை சைக்கிளுக்கும் எமன். நின்ற இடத்திலேயே சொட்டுவதால் எல்லாம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம் போல்ட்டிலும் ஹெட்செட் மூடியிலும்தான் விழும், பிறகு போல்ட் துருப்பிடித்துத் தலை வழுக்கிப்போகும். ஹேண்டில் டேப்புக்கு உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்வது வெளியே தெரியவே தெரியாது. அதனால் துண்டு தொங்கட்டும், தப்பில்லை, நீ மிதிக்கும்போது தொங்கட்டும். முடித்ததும் ஈரத்துணியால் துடை. மார்ச்சில் டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்க வேண்டும்.

அடுத்து, "கியர் தானாத் தாவுது, கடுப்பாகுது". இந்தச் சின்ன எரிச்சல்தான் உன்னைப் பனியன் காயப்போட வைத்திருக்கிறது என்பது என் கட்சி. டிரெய்னரில் இருக்கிற கேசட்டும் (பின் பல்சக்கரக் கொத்து) உன் பின்சக்கரத்து கேசட்டும் ஒரே இடத்தில் உட்காராது, அரை மில்லிமீட்டர் விலகினாலும் செயின் தடுமாறும். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற பின் டிரெய்லியருக்கு கேபிள் நுழைகிற இடத்தில் இருக்கும் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கமாக. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக. அதற்கும் அடங்காவிட்டால் கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டு. ஆடினால் ஸ்பேசர் வளையம் போடாமல் மாட்டியிருக்கலாம். 11 ஸ்பீடு ஹப்பில் 8, 9, 10 ஸ்பீடு ஷிமானோ கேசட் ஏற்றினால் உள்பக்கம் 1.85 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கேசட்டைப் பிடித்து நிறுத்துகிற லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது.

என்ன மிதிப்பது என்று கேட்டிருந்தாய். யூடியூப் பார்த்துக் கெட்டுப்போகாதே. ஜனவரி வரை வேகம் வேண்டாம். 20 நிமிஷ டெஸ்ட் பண்ணி, சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுத்தால் அது உன் எஃப்.டி.பி., அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீ தாக்குப்பிடிக்கிற வாட். உள்ளே மிதித்தால் ரோட்டைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ரோஷப்படாமல் அந்த எண்ணையே வைத்துக்கொள். வாரத்தில் இரண்டு நாள் அதில் 60 முதல் 70 சதவீதம், வாய்விட்டுப் பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம். செவ்வாய் முக்கால் மணி, சனிக்கிழமை ஒன்றரை மணி. வியாழன் மட்டும் 88 சதவீதத்தில் பத்து நிமிஷம் இரண்டு தடவை, நடுவில் ஐந்து நிமிஷம் ஓய்வு. மூன்று வாரத்தில் அந்தப் பத்தைப் பதினைந்தாக ஏற்று. நாலாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறை. அந்த வாரத்தை விட்டுத்தள்ளுகிறவர்கள்தான் பிப்ரவரியில் டிரெய்னரை விற்க விளம்பரம் கொடுக்கிறார்கள்.

டிரெய்னரே இறுக்கத்தை மாற்றுகிற எர்க் மோடில் கால் சிக்கிக்கொள்ளும், பயப்படாதே. வாட் மாறக் கூடாது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. நீ களைத்து மெதுவாக மிதித்தால் அது இன்னும் இறுக்கும், நீ இன்னும் மெதுவாவாய், கடைசியில் பெடல் சிமென்ட்டில் புதைந்த மாதிரி நின்றுவிடும். அந்த நேரத்தில் மல்லுக்கட்டாதே. மிதிப்பதை நிறுத்தி, அது தளர்ந்ததும் பெடலை நிமிஷத்துக்கு 90 சுற்றுக்கு ஏற்றிவிட்டு மறுபடி பிடி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அரை நிமிஷம் எழுந்து நின்று மிதி. ரோட்டில் சைக்கிள் ஆடும், டிரெய்னரில் ஆடாது. ரத்தம் போகாமல் மரத்துப்போவது அதனால்தான், சீட்டைக் குறை சொல்லிப் புதிது வாங்கிவிடாதே.

இனி கொஞ்சம் சீரியஸாக. உன் மெசேஜில் "காலைல எழுந்திருக்கவே பிடிக்கல, யார்ட்டயும் பேசத் தோணல" என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. சைக்கிள் மேல் வெறுப்பு என்றால் ஃபேன், ஸ்பேசர் எல்லாம் வேலை செய்யும். சாப்பாடு, பிள்ளைகள், போன், தூக்கம் எல்லாமே இரண்டு வாரமாகக் கசக்கிறதென்றால் அது வேற விஷயம்டா. வெளிச்சம் குறைகிற நாடுகளில் குளிர்காலத்தில் நிறையப் பேருக்கு வருவதுதான், வைத்தியமும் இருக்கிறது. பேமிலி டாக்டரைப் பார். 10,000 லக்ஸ் விளக்கு ஒன்றைக் காலையில் எழுந்ததும் அரை மணி முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கண்ணில் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ அவரைக் கேட்காமல் விளக்கு வாங்காதே. போய்விட்டு வந்து என்ன சொன்னார் என்று சொல். கிண்டல் பண்ணமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் அடித்தால் வெளியேயும் ஒரு மணி நேரம் போ, அந்த வெளிச்சமே பாதி மருந்து. ஆணி பதித்த டயர் இல்லாமல் கால்வாய் ஓரம் போகாதே. அதைப் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் வெறும் தாரில், சடன் பிரேக் போடாமல் ஓட்டினால்தான் ஆணிகள் உட்காரும். மைனஸ் 15-இல் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே அடிக்காவிட்டாலும் முகத்துக்கு அது மைனஸ் 25 மாதிரிதான். இப்படிக் காற்றோடு சேர்த்துச் சொல்கிற குளிர், அதாவது விண்ட்சில், மைனஸ் 28-க்குக் கீழே போனால் வெறும் தோல் பத்து முதல் முப்பது நிமிஷத்தில் உறைய ஆரம்பிக்கும், அன்றைக்கு வீட்டிலேயே மிதி. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிக்காதே, இறுகினால் ரத்தம் ஓடாது, விரல் இன்னும் சில்லிடும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தலைகீழாகச் செருகு. ஐஸ் மேலேதான் கட்டும், அப்போதுதான் வாய் அடைக்காது. ரோட்டில் கொட்டுகிற உப்பு செயினை ஒரே ராத்திரியில் செந்நிறமாக்கிவிடும், வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் காபி.

பாரிஸ் கனவுக்கு நான் எதிரி இல்லை. அதற்கு 2027-இல் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நான்கு பி.ஆர்.எம்.-ஐயும் (நேர வரம்புள்ள தகுதி ஓட்டம்) முடித்திருக்க வேண்டும். முந்தைய வருஷம் எவ்வளவு நீளமான பி.ஆர்.எம். முடித்தாயோ அதைப் பொறுத்துத்தான் கடந்த தடவை பதிவு வரிசையே திறந்தார்கள். ஆகவே உன் சீசன் 2026-இலேயே ஆரம்பம். இதை நடத்துகிற ரான்டனர்ஸ் ஒன்டாரியோ கிளப்புக்கு ஒட்டாவாவிலேயே கிளை இருக்கிறது. வசந்தகாலத்தில் ஒரு 200-க்கு இப்போதே பேர் குறித்துவை. பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாப்பிட நிற்பதையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் போதும். ஊரில் நம் பெரியசாமி சார் டைனமோ லைட் சைக்கிளில் போன வேகம்தான்.

கேசட்டில் எத்தனை பல்சக்கரம், கையால் ஆட்டினால் ஆடுகிறதா, இரண்டையும் இன்றைக்கே பார்த்துச் சொல். என்னிடம் ஸ்பேசரும் லாக்ரிங் டூலும் சும்மா கிடக்கின்றன, செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டுவிடுகிறேன்.

உன்,
பாலு