"ஆச்சி, பால்ல என்ன கலந்திருக்க?"

அன்புள்ள செல்விக்கு,

என்ன வீடியோ எடுக்கிறாய் என்று நீ வாட்ஸப்பில் கேட்டு மூன்று நாளாகியும் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, இரண்டு வரியில் முடிகிற விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். விஸ்காம் கடைசி செமஸ்டர், பத்து நிமிட வீடியோ ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும், எனக்கு விழுந்த தலைப்பு 'குழந்தைகள் மீது தொலைக்காட்சியின் தாக்கம்'. கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது. எட்டாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் இதே தலைப்புக்குத்தான் நீ இரண்டாம் பரிசு வாங்கி ஒரு டிபன் பாக்ஸோடு வீட்டுக்குப் போனாய்.

முதலில் நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுகளைத் தேடினேன். அமெரிக்காவில் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1960களில் செய்த பொம்மைச் சோதனை இல்லாத பாடப்புத்தகமே இல்லை. பெரியவர் ஒருவர் பொம்மையைப் போட்டு அடிக்கிற படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அதே மாதிரி பொம்மை இருக்கிற அறையில் விட்டால் அவர்களும் அடிக்கிறார்கள். சரி, ஆனால் அது நம் தஞ்சாவூர் பொம்மை மாதிரி சாய்த்தால் எழுந்து நிற்கிற பொம்மை, என் கையில் கொடுத்தால் நானே நாலு குத்து விடுவேன். அதைவிட எனக்குப் பிடித்தது கனடாவில் நடந்தது. சிக்னல் எட்டாமல் கிடந்த ஒரு சின்ன ஊருக்கு 1973இல்தான் டிவி வருகிறது. அதற்கு முன்பே போய்ப் பிள்ளைகளைக் கவனித்துக் குறித்துவைத்து, இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். விளையாடுகிற இடத்தில் அடிதடியும் வசவும் கூடியிருந்ததாம்.

இதை வாசித்தபோது நம் தெருதான் ஞாபகம் வந்தது. 2006இல் ஆரம்பித்து அரசாங்கம் வீட்டுக்கு வீடு 14 அங்குலக் கலர் டிவி கொடுத்ததே, அப்போது யாராவது ஒரு நோட்டோடு வந்து நம்மையும் முன்னால் ஒருமுறை பின்னால் ஒருமுறை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். உன் வீட்டுக்கு டிவி வந்த பிறகு நீ பாண்டி ஆட வருவதை நிறுத்திவிட்டாய், அப்புறம் நானும் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். சுட்டி டிவியில் டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடித் திறந்தபடி நிற்பாள், நாம் தொண்டை கிழியப் பதில் சொல்லுவோம். பிள்ளை பதில் சொல்லட்டும் என்றே விட்ட இடைவெளி அது என்று இப்போதுதான் படித்தேன். நமக்கு அன்று அவள் காதில் நிஜமாகவே விழுந்தது.

ஷூட்டிங் சங்கரன்கோவிலில் என் பெரியம்மா மகள் வீட்டில். அக்கா பையனுக்கு நாலு வயது. டிவிக்குக் கீழே கேமராவை வைத்து அவன் முகத்தை மட்டும் எடுத்தேன், டிவியைக் காட்டவேயில்லை (காட்டினால் கோடு கோடாக ஓடுகிறது, ஷட்டரை 1/50க்கு வைத்த பிறகுதான் நின்றது, போதாக்குறைக்கு சீரியல்காரர்களின் உரிமைப் பிரச்சினை வேறு). முதல் பத்து நிமிடம் கேமராவையே பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன் அப்புறம் என்னை மறந்துவிட்டான். அத்தை (அக்காவின் மாமியார்) தயிர்ச்சோறு ஊட்டுகிறார்கள், வாய் திறக்கிறது, சோறு உள்ளே போகிறது, மெல்லவில்லை. கன்னம் உப்பிக்கொண்டே வருகிறது. விளம்பரம் வந்ததும் மொத்தமாக விழுங்குகிறான். அவன் பார்த்தது கார்ட்டூன் இல்லை செல்வி, அத்தை பார்க்கிற சீரியல். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, அந்த வீட்டுக் கணக்கில் அது இரண்டு சீரியல். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை ரிமோட் அத்தையின் மடியை விட்டு இறங்காது.

மறுநாள் காலையில் பால் டம்ளரை நீட்டியதும் பையன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, பால்ல என்ன கலந்திருக்க?" என்று கேட்டான். முந்தின இரவு சீரியலில் மருமகள் பாலில் எதையோ கலந்துகொண்டிருந்தாள். வீடே சிரித்தது, அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அத்தை ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கினான்.

கேமரா அப்போது பையில் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவசரமாகக் கேமராவை எடுத்து, "தம்பி, அதை இன்னொரு தடவை சொல்லுடா, சாக்லேட் தாரேன்" என்றேன். சொன்னான். கண்ணை உருட்டி, டம்ளரைத் தள்ளி, முதல் தடவையைவிடப் பிரமாதமாகச் சொல்லிவிட்டு நாங்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தான். ஐந்து டேக். ராத்திரி எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால், பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் நடுவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அச்சு அசலாக அந்த முகம். அவன் பயத்தை நானே வசனமாக்கிவிட்டேன். ஐந்தையும் அழித்துவிட்டேன். சாரிடம் சொன்னால், "நல்ல ஷாட்டைப் போய் அழிப்பாங்களாம்மா, கெடுதல் தெரியணும்ல" என்கிறார். தயிர்ச்சோற்று ஷாட் இருக்கிறதே சார் என்றால், அதில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். இரண்டு நிமிடம் அவன் கண் சிமிட்டுவதே அபூர்வம், இதைவிட என்ன நடக்க வேண்டும் அவருக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் உன்னிடம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் எனக்காக ஒன்று கேட்க வேண்டும். என்ன பிடிக்கும் என்று கேட்காதே, டீச்சர் கேட்கிறாள் என்று நல்ல பிள்ளையாக எதையாவது சொல்லும். நேற்று ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீட்டில் என்ன ஓடியது, ரிமோட் யார் கையில் இருந்தது, அவ்வளவுதான். குரல் மட்டும் போதும், முகமோ பேரோ வேண்டாம், பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பதிவு செய். திரும்பச் சொல்லச் சொல்லாதே, பாதியில் நிறுத்தினாலும் அப்படியே அனுப்பு. அடுத்த வாரத்துக்குள் வந்தால் நல்லது.

உன் மாமியாரைக் கேட்டதாகச் சொல். அவர்கள் ஏழு மணிக்கு எதைப் பார்க்கிறார்கள் என்று உன்னிடம் கேட்க மாட்டேன், போன மாதம் நீ போனில் குசுகுசுவென்று பேசியபோது பின்னால் எல்லாம் கேட்டது.

அன்புடன்,
உன் மீனா