அண்ணி, அந்த அளவு ஜாக்கெட்டை இனிக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று இரவு போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பீரோ நிறையப் புடவை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஒன்றுகூட இல்லை" என்றீர்கள். பக்கத்தில் இருந்த அண்ணன், "துணிதானே, எதையாவது கட்டிக்கொண்டு போ" என்றதும் எனக்குக் கேட்டது.

அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் பொங்கி எழுந்ததற்கு உடுப்பும் ஒரு காரணம். நெற்றியில் குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று வந்த உத்தரவை அவர்களால் பொறுக்க முடியவில்லை. உடம்பின் மேல் கிடப்பதை மனிதர்கள் ஒருநாளும் வெறும் துணியாக நினைத்ததில்லை. ஒன்பது வருடம் கழித்து ஆசிரியையாக வகுப்பறைக்குத் திரும்பும் ஒருத்தி என்ன உடுத்துவது என்று தூக்கம் கெட்டால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

புதுப் புடவை எடுக்க வேண்டாம். உங்கள் குறை ஜாக்கெட்டில் இருக்கிறது.

பதினான்கு வருடமாக சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தைக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் துணியோடு ஓர் அளவு ஜாக்கெட்டையும் நீட்டுகிறார்கள். எப்போது தைத்தது என்று கேட்டால், தலைப்பிரசவத்துக்கு முன்னால் என்பார்கள். நீங்களும் கல்யாணத்துக்குத் தைத்த அந்த மெரூன் ஜாக்கெட்டைத்தான் குடியாத்தத்தில் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "இதைவிடக் கொஞ்சம் லூஸாக" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். தைப்பவர் பக்கத் தையலில் அரை அங்குலம் விடுகிறார். ஆனால் இரண்டு குழந்தை பெற்றபின் மாறியது இடுப்புச் சுற்று மட்டும் இல்லையே. தோள், மேல்கை, முதுகு எல்லாமே மாறியிருக்கின்றன. பழைய அளவில் இருந்த பிழையும் ஒவ்வொரு புது ஜாக்கெட்டுக்கும் ஏறிக்கொண்டே வருகிறது. டேப் வைத்து இன்றைய உடம்பை அளக்க வேண்டும். உடம்பு இளைத்தபின் தைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஜூன் மாதம் வகுப்புக்குப் போகப்போவது இந்த உடம்புதான். அதற்குப் பொருந்தும் துணி வேண்டும்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது கையை இணைக்கும் வளைவு, நாங்கள் ஆர்ம்ஹோல் என்போமே, அதைப் பற்றி. அது இறக்கமாக, தளர்வாக இருந்தால் வசதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வளைவு இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலே ஏறும். அக்குளுக்கு அருகில் ஒட்டி வெட்டினால் கை மட்டும் தனியாக உயரும், உடல் பகுதி இருந்த இடத்திலேயே நிற்கும். நீங்கள் நாள் முழுவதும் கரும்பலகையில் எழுத வேண்டியவர். திரும்பி நின்று எழுதும்போது ஒரு கையால் முதுகுப் பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டே எழுதும் ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனத்தில் பாதியை அந்த ஜாக்கெட் தின்றுவிடுகிறது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கை நீளம் மேல்கையின் பருமனான இடத்தில் முடியாமல், முழங்கைக்குச் சற்று மேலே வரட்டும்.

பழைய ஜாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே மடித்து விட்ட துணி இருந்தால் பக்கத் தையலைப் பிரித்து விடலாம். ஆனால் தோளும் ஆர்ம்ஹோலும் இறுக்கிப் பிடித்தால் பிரித்துப் பயனில்லை.

புடவைக்கு ஒன்று என்று தைக்கவும் வேண்டாம். கறுப்பு, சந்தன நிறம், கருநீலம், மெரூன் என்று நான்கு பருத்தி ஜாக்கெட் போதும். உங்களிடம் இருக்கும் காட்டன் புடவைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கில் ஒன்றோடு சேர்ந்துவிடும். கரையில் ஓடும் ஏதாவது ஒரு நிறத்தை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். சரிகை நிறைந்தவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். பள்ளிக்கு உடலில் புள்ளியோ சிறு கட்டமோ உள்ள புடவை, ஒரு சாண் கரை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த அந்த இலேசான ஆரணிப் பட்டைப் பெற்றோர் கூட்டத்தன்று கட்டுங்கள். அந்தக் கத்திரிப்பூ நிறம் உங்கள் முகத்துக்கு எவ்வளவு அழகு என்று அன்றே சொன்னேன்.

நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. பாலியெஸ்டர் கசங்காது என்று கடையில் சொல்வார்கள். குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் அதன் உண்மை தெரியும். வியர்வையை அது உறிஞ்சாது. பருத்தி கசங்கத்தான் செய்யும். மெல்லிய கஞ்சி போட்டு, ஈரம் முழுதும் காய்வதற்குள் இஸ்திரி போட்டால் சாயங்காலம் வரை கொசுவம் நிற்கும். கஞ்சி கெட்டியானால் புடவை விறைத்து இடுப்பில் உப்பிக்கொள்ளும். உள்பாவாடையும் பருத்தியாக இருக்கட்டும். வழுக்கும் சாட்டின் துணியில் கொசுவம் நழுவும்.

செருப்பை முதலில் போட்டுக்கொண்டு பிறகு புடவை கட்டுங்கள். வீட்டுக்குள் எப்படி என்று அம்மா கேட்பார்கள், அதற்கென்று ஒரு ஜோடியைத் துடைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு கட்டிவிட்டுப் பிறகு செருப்புப் போட்டால் புடவை கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். எத்தனை நல்ல புடவையும் அந்த இரண்டு விரல்கடை உயரத்தில் அழகை இழந்துவிடுகிறது. பின்னால் வார் உள்ள தோல் செருப்பாக வாங்குங்கள், பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்க, நாம் ரெக்சின் செருப்பில் கால் புழுங்க வேண்டியதில்லை.

சுடிதார் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019இல் வந்த அரசாணையிலேயே புடவையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் தடை இல்லையென்றால் தாராளமாகப் போடுங்கள். மூன்று பேன்ட், ஐந்து டாப், எல்லாம் ஒன்றோடொன்று சேரும் நிறங்களில் எடுத்தால் பதினைந்து விதமாக வரும். டாப் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பேன்ட் கணுக்காலோடு. நகை விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சின்னத் தோடு போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுங்கள், சின்னவளையும் கூட்டி வாருங்கள். லைனிங் துணி முதல் சலவையில் சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும் என்பதால், நான்கு நிறத்திலும் வாங்கி சனிக்கிழமை இரவே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுகிறேன். மெரூன் ஜாக்கெட்டை மட்டும் கொண்டு வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்