தாயிக்கு அப்பா எழுதுவது

பாம்பன்

தாயி,

மாறுகண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதாக நீ போனில் சொன்னபோது வெறும் "சரி" சொல்லி வைத்துவிட்டேன். கோபமில்லை. பக்கத்தில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள், பேச வாய் வரவில்லை.

அஞ்சாம் வகுப்பில் போட்டோக்காரர் "இங்க பாரு பாப்பா" என்று மூன்று தடவை சொன்னார். "பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாய். அதற்கப்புறம்தான் இடது பக்கம் முடியை இழுத்து விட்டுக்கொள்ள ஆரம்பித்தாய். மாறுகண் யோகம், கத்தி வைக்காதே என்றாள் அப்பத்தா. அவள் மேல் பழி போடவில்லை. கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்துத் தைப்பார்கள் என்று நான்தான் பயந்து கிடந்தேன்.

போன வாரம் உனக்குச் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். கண்ணை வெளியே எடுப்பதே இல்லையாம். ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள். உன்னைப் போல வெளிப்பக்கம் ஓடும் கண்ணுக்கு, காதுப் பக்கத் தசையைப் பிரித்துச் சில மில்லிமீட்டர் பின்னால் தைப்பார்கள். மூக்குப் பக்கத் தசையில் கொஞ்சம் வெட்டிக் குறுக்குவார்கள். "ஒரு கயிற்றைத் தளர்த்தி, மறு கயிற்றை இழுத்துக் கட்டினால் படகு திரும்புமே, அதுதானே?" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விலகல் அதிகமாக இருந்தால் இன்னொரு தடவையும் செய்ய வேண்டி வரலாமாம். அதற்கு மனசு விட்டுவிடாதே.

சின்ன வயதிலேயே நல்ல கண்ணை மூடி, மங்கலான கண்ணுக்கு வேலை கொடுத்திருந்தால் பார்வையும் தேறியிருக்குமாம். இப்போது கண்ணை நேராக்கலாம், பார்வையை மீட்பது கஷ்டம் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ராமேஸ்வரம் பஸ் போய்விட்டது. மன்னித்துக்கொள் தாயி.

அப்புறம், கொஞ்ச நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம், சிவப்பு மறைய சில வாரம் ஆகலாம். பயப்படாதே. டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. ஊருக்கு வந்தாலும் கடலில் இறங்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும். நீ சொன்ன தேதி அதற்குள் வருகிறது. அம்மாவும் நானும் முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுவோம். கண்ணில் விட நந்தியாவட்டைப் பூவை அவள் பையில் வைக்கத்தான் போகிறாள். ரயில் ஏறுவதற்குள் நான் எடுத்துப் போட்டுவிடுகிறேன்.

அப்பா