உள்நாட்டு மாணவரின் கட்டணத்தைக் காட்டி என்னிடம் பணம் வாங்கியது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டதாரிகளுக்கான நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பில் வெளிநாட்டில் சேர, உங்கள் நிறுவனத்தின் ஆலோசனைத் திட்டத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியவன் நான். போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து, முதலிலிருந்து கதை கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் கொடுத்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஆஸ்திரேலியா என்ற வரிசையில் ஆண்டுக் கட்டணம் 13,000 ஆஸ்திரேலிய டாலர் என்று போட்டு, அதை நான்கால் பெருக்கி 52,000 என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அந்த 13,000 கற்பனைத் தொகை இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் அது அந்நாட்டு அரசு மானியம் தரும் இடத்தில் படிக்கிற மாணவர் தன் பங்காகக் கட்டுவது. அந்த இடங்கள் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். மாணவர் விசாவில் போகிற ஒருவருக்கு அதில் ஒரு இடம்கூடக் கிடையாது. எனக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதத்தில் முதல் ஆண்டுக்கு மட்டும் 90,000 டாலருக்கு மேல் போட்டிருக்கிறது, அதுவும் ஆண்டுதோறும் உயரலாம் என்ற குறிப்போடு. நான்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 52,000 எங்கே, இது எங்கே?

இதைக் கேட்டதற்கு உங்கள் ஆலோசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது: "அது சும்மா ஃபார்மாலிட்டி சார், பிறகு ஸ்காலர்ஷிப்பில் குறைந்துவிடும்." எந்த ஸ்காலர்ஷிப், யார் தருவது, எத்தனை பேருக்கு என்று திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இன்றுவரை இல்லை.

அட்டவணையின் மற்ற வரிசைகளும் இதே லட்சணம்தான். பிரிட்டன் வரிசையில் "இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணத்தில் ஒரு பகுதியை என்எச்எஸ் தரும்" என்கிறீர்கள். அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும்தான், அங்கேயே வசிக்கிற தகுதியுள்ள மாணவருக்கு. வெளிநாட்டவருக்குத் தராது. மாறாக விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கூடுதல் கட்டணத்தைப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து நாங்கள் முன்கூட்டியே கட்ட வேண்டும், அது உங்கள் கையேட்டில் எங்குமே இல்லை. ஆஸ்திரேலிய மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 710 டாலர் என்று இன்னும் அச்சிட்டிருக்கிறீர்கள். 2024 ஜூலையிலேயே அது 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆகிவிட்டது. அட்டையில் மட்டும் "புதிய பதிப்பு" என்று போட்டிருக்கிறது.

கட்டண விவகாரத்தைவிட எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது விண்ணப்பங்களை நீங்கள் கையாண்ட விதம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் அமைப்பான யூகாஸில் மருத்துவத்துக்கு நான்கு படிப்புகளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், கடைசித் தேதி அக்டோபர் 15, ஒரு இடம் வீணானால் அந்த ஆண்டுக்கு வீணானதுதான். இதெல்லாம் உங்கள் தொழிலில் அரிச்சுவடி. அப்படியிருக்க அந்த நான்கில் ஒன்றை ஸ்காட்லாந்தில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பான ஸ்காட்ஜெமுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை! சேர்க்கைப் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் போதும். இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டவருக்கான பங்கு ஏழரை சதவீத அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, பட்டதாரி வழிப் படிப்புகளில் பல நம்மை எடுப்பதே இல்லை என்ற அடிப்படை விஷயத்தையும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிரிட்டன் விண்ணப்பத்துக்கென்று தனியாக வாங்கிய தொகையை நான் கட்டியிருக்கவே மாட்டேன், அதனால்தான் சொல்லவில்லையோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அப்புறம் தேர்வு. பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வான காம்சாட் இல்லாமல் எங்கும் கதவு திறக்காது என்று சொல்லி, அதற்கான உங்கள் பயிற்சி வகுப்பையும் தலையில் கட்டினீர்கள். உண்மையில் வெளிநாட்டு மாணவர்களிடம் ஆஸ்திரேலியாவின் பல கல்லூரிகள் காம்சாட், அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் இரண்டில் ஒன்று போதும் என்கின்றன. அயர்லாந்திலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் நேரடியாகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள், அங்கும் எம்கேட் செல்லும். காம்சாட்டில் ஒரு பகுதி முழுக்க இரண்டு கட்டுரைகள் எழுதுவது. நுண்ணுயிரியல் படித்த, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பழக்கமே இல்லாத எனக்கு எது ஏற்றது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எம்கேட் என்ற பெயரையாவது உச்சரித்திருப்பீர்கள். எம்கேட்டுக்கு உங்களிடம் பயிற்சி வகுப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, புரிகிறது.

"படிப்பு முடிந்ததும் வேலை உறுதி" என்ற வரியையும் விட முடியாது. ஆஸ்திரேலியாவில் மருத்துவராக முழுப் பதிவு கிடைக்க ஓராண்டு இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அந்த இடங்களை மாநிலங்கள் முதலில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்குத்தான் ஒதுக்குகின்றன, அதே கல்லூரியில் படித்த வெளிநாட்டு மாணவர் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். பெரும்பாலும் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் உறுதி என்பது வேறு. மூன்றரை லட்சம் டாலர் கடன் வாங்கப்போகிற ஒரு குடும்பத்திடம் அந்தச் சொல்லை எப்படி இவ்வளவு சுலபமாகப் போட முடிகிறது?

எனக்கு வேண்டியது இவைதான். ஆலோசனைக் கட்டணத்தையும் பிரிட்டன் விண்ணப்பத்துக்கு வாங்கிய தொகையையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். "சேவை தொடங்கிவிட்டதால் திருப்பித் தர இயலாது" என்ற விதியைக் காட்டாதீர்கள், நான் கேட்பது தவறான தகவலைக் காட்டி வாங்கிய பணத்தை. காம்சாட் வகுப்புக்கு நான் போனேன், அதன் பணத்தைக் கேட்கவில்லை. என்னை எந்தக் கல்லூரியில் சேர்த்தால் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்பதையும் தெரிவியுங்கள். என்னிடமும் வாங்கி அங்கேயும் வாங்குகிறீர்கள் என்றால், யாருக்காக வேலை செய்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. மூன்றாம் பக்க அட்டவணையை வெளிநாட்டு மாணவர் கட்டணத்தோடு திருத்தும்வரை அந்தக் கையேட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஆஸ்திரேலியச் சட்டப்படி கல்லூரிகள் தங்கள் முகவர்களின் பட்டியலை இணையத்தில் வெளியிட வேண்டும், அந்நாட்டின் 2018 தேசிய விதிமுறைப்படி அந்த முகவர்கள் நேர்மையாக, மாணவர் நலன் கருதி நடப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். எனக்குக் கடிதம் அனுப்பிய கல்லூரியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதம், கையேட்டின் படம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் அந்தக் கல்லூரியின் சர்வதேச மாணவர் பிரிவுக்குப் போகும், பிறகு நுகர்வோர் மன்றத்துக்கும்.

பதில் மின்னஞ்சலில் மட்டும் வேண்டும். யாரும் போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீதுகள், கையேட்டின் மூன்றாம் பக்கம், யூகாஸ் விண்ணப்ப நகல், வாட்ஸ்அப் பதிவுகள்