எங்கள் ஊருக்குக் கலெக்டர் இல்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள்.

"உங்க ஊருக்குக் கலெக்டர் யாருப்பா?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவன், முதலில் அதைத்தானே கேட்பாய்! டெக்சாஸில் கலெக்டர் என்ற பட்டத்தோடு ஒருவர் உண்டு. ஆனால் அவர் சொத்து வரி வசூலிப்பவர், வண்டிப் பதிவைப் புதுப்பித்துத் தருபவர். அதற்கு மேல் பெரிய அதிகாரம் கிடையாது. நம் ஊரிலும் கும்பினிக் காலத்தில் வரி வசூலை வைத்துத்தானே அந்தப் பெயர் வந்தது?

இங்கே மாவட்டம் மாதிரி இருப்பது கவுண்ட்டி. மாநிலத்தில் மொத்தம் 254. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்ட்டியில் 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர். மேற்கே லவிங் கவுண்ட்டியில் வெறும் 64 பேர்! இரண்டையும் நடத்துவது ஒரே மாதிரி சபைதான்: ஒரு கவுண்ட்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். சபைக்குப் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட். பெயர்தான் கோர்ட், பார்ப்பது பட்ஜெட், ரோடு, வரி விகிதம். ஜட்ஜ் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நீ ஆச்சரியப்படப்போவது இனிமேல்தான். கவுண்ட்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப், பத்திரம் பதிந்து கல்யாண லைசென்ஸும் தரும் கிளார்க், அரசு வக்கீல், கடைசியில் கான்ஸ்டபிள் வரை எல்லோரும் கட்சி சார்பில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். நான்கு வருஷப் பதவி. ஜட்ஜுக்கு ஷெரிஃபைப் பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற முடியாது. டிரான்ஸ்ஃபர் என்ற பேச்சே இல்லை. ஆடிட்டரை மட்டும், வழக்கு விசாரிக்கும் மாவட்ட நீதிபதிகள் நியமிக்கிறார்கள். செலவு செய்கிறவர்களே தணிக்கை செய்பவரையும் வைத்துக்கொண்டால் எப்படி?

இதற்கு வேர் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் இருக்கிறது. அப்போதைய டெக்சாஸ் ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் கையில் நியமன அதிகாரம் குவிந்திருந்தது. அந்த வெறுப்பில்தான் மாநிலத்தின் 1876 அரசியல் சட்டம் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு அவர் துணை நின்றார் என்ற கோபமும் அதில் கலந்திருந்ததை மறைக்கக் கூடாது.

தேர்தல் வைத்தால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? ஒரு காலத்தில் இங்கே மிட்லாண்ட் கவுண்ட்டியில் ஒரு கமிஷனரின் தொகுதியில் ஏறக்குறைய 68,000 பேர் இருந்தார்கள். மற்ற மூன்றில் 852, 414, 828 பேர். ஆனாலும் தொகுதிக்கு ஒரு கமிஷனர்தான். நகர மேயரே வழக்குப் போட்டு, 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இங்கேயும் எல்லோர் ஓட்டுக்கும் ஒரே எடை என்று ஆனது.

2024 நவம்பரில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, மெஷினில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். வரிசையாக நீதிபதிகள். கான்ஸ்டபிள் வந்தபோது இரண்டு பெயருமே எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் மனசை உறுத்துகிறது.

அப்புறம் ஒரு நாள் எங்கள் கமிஷனர்ஸ் கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். வயதான ஓர் அம்மா, தெருவில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்ற போட்டோவைத் தூக்கிக் காட்டியபடியே பேசினார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. கமிஷனர் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார். நாம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுவோடு நின்றது ஞாபகம் வந்தது. நம் மனுவை வாங்கிய அதிகாரிக்கு நம் ஓட்டு தேவைப்படவில்லை. இந்தக் கமிஷனருக்கு அந்த அம்மாவின் ஓட்டு வேண்டும்.

ஆனால் வெள்ளம் வந்தால் எல்லாத் துறையையும் ஒரே ஆள் முடுக்கிவிடுவதன் அருமை உனக்குத் தெரியும். இங்கே அந்த நேரத்தில் ஊரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் கவுண்ட்டி ஜட்ஜுக்கு உண்டு. அதை நினைத்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் கிராம ஊராட்சித் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். மாவட்ட ஊராட்சித் தலைவரை மட்டும் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனை தேர்தல் வேலை பார்த்தவன் நீ, அது சரிதான் என்று உனக்குத் தோன்றுகிறதா? எழுது.

அன்புடன்,
ராஜாராம்