மேல்தாடை எலும்பு தேய்ந்தவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாடையெலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தும் பல் இம்பிளான்ட் சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தத் திருகு எலும்போடு எவ்வாறு பிணைகிறது என்பதை எவருக்கும் புரியும்படி விளக்கியிருந்த அக்கட்டுரை, எலும்பு போதாதவர்களுக்கு இச்சிகிச்சை பொருந்தாது என்ற ஒற்றை வரியில், இந்தச் சிகிச்சை மிகவும் தேவைப்படும் ஒரு பெருந்தொகையினரை வெளியே நிறுத்திவிட்டது. செயற்கைப் பல் பொருத்தும் துறையில் நெடுங்காலமாகப் பணிபுரியும் பல் மருத்துவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மேல்தாடையில் பற்கள் எல்லாம் போய், எலும்பும் கரைந்த நிலையில் என்னிடம் வருபவர்களில் இரு சாரார் உண்டு. எலும்பே இல்லை, ஆடுகிற பல்செட்டோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரு சாரார். கன்ன எலும்பில் இம்பிளான்ட் வைத்துச் சில நாட்களிலேயே நிலையான பல் கட்டிவிடலாம் என்று கேட்டு, வேறு வழி எதுவும் உண்டா என்று விசாரிக்காமலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நிலைக்கு வந்தவர்கள் மற்றொரு சாரார். எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது, அந்தக் குறைவுக்கு ஏற்ற வழிகள் யாவை, அவற்றில் ஒன்று தவறினால் அடுத்து என்ன செய்ய முடியும் என்பது இரு சாராருக்குமே சொல்லப்படுவதில்லை.

பல் வேரைத் தாங்குவதற்காக உருவான எலும்பு, பல் போனபின் தன் வேலையை இழந்து கரையத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில்தான் இந்தக் கரைவு மிக வேகமாக நடக்கிறது. அதன்பின் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. மேல்தாடை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் தேய்வதால், தாடையின் வளைவே சிறுத்துப் போகிறது. கடைவாய்ப் பக்கத்தில் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பற்களுக்கு மேலே இருக்கும் சைனஸ் என்னும் காற்றறை, பல் போனபின் கீழ்நோக்கி விரிந்து வருகிறது. ஈறு இருக்கும் பக்கத்தில் எலும்பு மேலேற, சைனஸின் தளம் கீழிறங்க, இடையே சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சுகிறது. மேல்தாடையின் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே மென்மையானது என்பதும் இதோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். கீழ்த்தாடையில் முன்பற்கள் மட்டும் இயற்கையாக நிற்க, மேலே முழுப் பல்செட் அணிந்திருப்பவர்களுக்கு, அந்தக் கீழ்ப்பற்களின் தொடர்ந்த இடியால் மேல்தாடையின் முன்பகுதி எலும்பும் கரைந்து, ஈறு மட்டும் தொளதொளவென்று நிற்பதைக் காணலாம்.

ஆகவே, எலும்பு இல்லை என்று சொல்லப்படுபவர்களுக்குள்ளேயே நிலைமைகள் பலவாக இருக்கின்றன. முன்பகுதியில் நல்ல எலும்பு இருந்து பின்பகுதியில் மட்டும் இல்லாதவர் உண்டு. உயரம் இருந்து அகலம் இல்லாதவர் உண்டு. முன்னும் பின்னும் எங்குமே இல்லாதவரும் உண்டு. இதைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேகூட எலும்பின் அகலத்தைச் சொல்லாது. முப்பரிமாணத்தில் அளக்கும் கோன் பீம் சிடி ஸ்கேன் எடுக்காமல் இந்தச் சிகிச்சைகளில் எதையும் பரிந்துரைப்பதும் தவறு, மறுப்பதும் தவறு என்பதே என் உறுதியான கருத்து. அதே ஸ்கேன் சைனஸ் ஆரோக்கியமாக இருக்கிறதா, அதன் வடிகால் வழி திறந்திருக்கிறதா என்பதையும் காட்டும். அங்கே குறை தெரிந்தால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதே முறை.

முன்பகுதியில் எலும்பு இருப்பவருக்கு, நான்கு இம்பிளான்ட்களில் பின்னிரண்டைச் சாய்வாக, சைனஸின் முன்சுவரை ஒட்டிச் செலுத்தி, அவற்றின்மேல் ஒரு முழு வரிசைப் பற்களைக் கட்டும் முறை இருக்கிறது. போர்த்துகல் நாட்டின் பாவ்லோ மாலோ பரவலாக்கிய இம்முறை இன்று ஆல் ஆன் ஃபோர் என்ற பெயரில் அறியப்படுகிறது. சைனஸைத் தொடாமலும் எலும்பு சேர்க்காமலும் முடியக்கூடியது என்பது இதன் பெரிய நன்மை. நான்கில் ஒன்று தவறினாலும் மேலே உள்ள முழுப் பல்வரிசையும் ஆட்டம் காணும் என்பதையும் நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

பின்பகுதியில் மட்டும் குறை இருப்பவருக்கு, சைனஸ் லிப்ட் எனப்படும் முறை 1970-களிலிருந்து வளர்ந்து, இன்று நன்கு சோதிக்கப்பட்டு நிற்கிறது. சைனஸின் பக்கச்சுவரில் சிறு சாளரம் திறந்து, உள்ளே முட்டை ஓட்டின் உட்தோலைப் போல மெல்லியதாக இருக்கும் சவ்வைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடியில் உண்டாகும் இடத்தில் எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். நோயாளியின் சொந்த எலும்பையோ, பதப்படுத்திய மாட்டெலும்புத் தாதுவையோ, செயற்கைப் பொருளையோ இதற்குப் பயன்படுத்தலாம். விலங்கிலிருந்து பெற்ற பொருளை ஏற்க விரும்பாதவர்கள் இதை முன்கூட்டியே கேட்டறிவது அவர்களின் உரிமை; சொல்லாமல் வைப்பது பிழை. எஞ்சிய எலும்பு நான்கைந்து மில்லிமீட்டராவது இருந்தால், பெரும்பாலும் அதே அமர்விலேயே இம்பிளான்ட்டையும் வைத்துவிடலாம். அதற்கும் குறைவாக இருந்தால், சேர்த்த எலும்பு இறுகுவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை காத்திருந்து, அதன்பின் இம்பிளான்ட் வைத்து, மீண்டும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். அடிக்கடி நேரும் சிக்கல் சவ்வு கிழிவதுதான். சிறு கிழிசலை அப்போதே மூடிச் சரிசெய்ய முடியும். பெரிதாகக் கிழிந்தால், அன்று நிறுத்திவிட்டு ஆறிய பிறகு மறுபடி முயல்வதே நல்ல மருத்துவம். குறை சிறிதாக இருந்தால் குட்டையான இம்பிளான்ட் ஒன்றே போதுமானதாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தாடை முழுவதும் தேய்ந்தவருக்கு இடுப்பெலும்பிலிருந்து கட்டியாக எடுத்துவந்து மேல்தாடையில் பொருத்தும் அறுவை சிகிச்சை நெடுநாள் வழக்கில் இருந்தது. இப்போதும் சிலருக்குத் தேவைப்படுகிறது. ஆனால் இரண்டு இடங்களில் காயம், முழு மயக்கம், நடப்பதில் சில காலம் வலி, நீண்ட காத்திருப்பு ஆகிய அனைத்தையும் தாங்கியபின், ஒட்டிய எலும்பின் ஒரு பகுதி மீண்டும் கரைந்துபோவதும் உண்டு. வயது முதிர்ந்த ஒருவரிடம் இதைப் பரிந்துரைக்கும்போது மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது அவசியம்.

இனி, கன்ன எலும்பில் பதிக்கப்படும், இப்போது அதிகம் பேசப்படும் சைகோமா இம்பிளான்ட். எலும்பும் டைட்டானியமும் ஒன்றோடொன்று பிணையும் தன்மையைக் கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் இம்பிளான்ட் வைத்த சுவீடன் மருத்துவ அறிஞர் பெர்-இங்வார் பிரோனமார்க்கின் குழுவே இதையும் உருவாக்கியது. புற்றுநோய் அறுவையில் மேல்தாடையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் போன்றோருக்காகத் தொடங்கிய இம்முறை, பிறகு எலும்பு தேய்ந்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. சாதாரண இம்பிளான்ட் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்க, இது 30 முதல் 50 மில்லிமீட்டருக்கு மேலும் நீண்டு, மேல்தாடையில் தொடங்கிக் கன்ன எலும்பில் போய்ப் பதிகிறது. முன்பகுதியில் கொஞ்சம் எலும்பு இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும், எங்குமே இல்லையென்றால் பக்கத்துக்கு இரண்டாக நான்கும் வைக்கப்படுகின்றன. வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. பிடிமானம் போதுமானதாக இருந்தால் சில நாட்களிலேயே தற்காலிகப் பற்களைப் பொருத்திவிடலாம். தேர்ந்த கைகளில் இவை நீண்டகாலம் நிலைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால், நிலைத்திருத்தல் வேறு, தொல்லையின்றி நிலைத்திருத்தல் வேறு. இம்பிளான்ட் ஆடாமல் நிற்கும்போதே சைனஸில் அழற்சி வரலாம். அது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். வாய்க்கும் சைனஸுக்கும் இடையே துளை விழலாம். கண்குழிக்கு வெகு அருகில் துளையிடும் அறுவை இது என்பதால், கை சிறிது விலகினாலும் விளைவு கடுமையானதாக இருக்கும். கன்னத்திலும் மேலுதட்டிலும் மரத்துப்போன உணர்வு ஏற்படுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண இம்பிளான்ட் தவறினால் கழற்றிவிட்டு ஆறவைத்து மறுபடி முயலலாம்; சைகோமா இம்பிளான்ட் தவறினால் அதை எடுப்பதும் பெரிய அறுவை, அதன்பின் எஞ்சும் வழிகளும் மிகக் குறைவு. எனவே இதை எளிய வழிகள் இயலாதவர்களுக்கான சிகிச்சையாகவே கருத வேண்டும். சைனஸ் லிப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை என்பது மட்டுமே இதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

கடைவாய்க்குப் பின்னால், மண்டையோட்டின் டெரிகாய்டு எலும்பில் பதியும் இம்பிளான்ட்களும், ஸ்கேன் அளவை வைத்து ஒவ்வொருவருக்கும் தனியாக அச்சிடப்பட்டு எலும்பின் மேல் அமரும் டைட்டானியச் சட்டங்களும் இருக்கின்றன. பின்னது 1940-களில் தோன்றி, ஏமாற்றமளித்துக் கைவிடப்பட்ட ஒரு யோசனையின் புதிய வடிவம். நம்பிக்கை தருகிறது, நீண்டகால அனுபவம் இன்னும் சேர வேண்டியிருக்கிறது.

மேற்சொன்ன எல்லாவற்றிலும் பேச்சு எலும்பைச் சுற்றியே வருகிறது. பல் கட்டுபவனாக நான் பார்ப்பது வேறொன்று. மேல்தாடை வெகுவாகத் தேய்ந்தவர் இழந்திருப்பது பற்களை மட்டுமல்ல; மேலுதட்டைத் தாங்கி நின்ற எலும்பையும் ஈறையும் சேர்த்தே இழந்திருக்கிறார். உதடு உள்ளே ஒடுங்கியிருக்கிறது. பல்செட்டின் இளஞ்சிவப்பு விளிம்புதான் அதுவரை அந்த உதட்டை முன்னே தாங்கிக்கொண்டிருந்தது. அந்த விளிம்பு இல்லாத நிலையான பல்வரிசையைக் கட்டினால், பல் அசையாமல் இருக்கும், முகமோ முன்னைவிட வயதானதாகத் தோன்றும். விளிம்போடு சேர்த்து நிலையாகக் கட்டினால், அதற்கு அடியில் தூரிகை செல்லாது. உணவு தங்கி, இம்பிளான்ட்டைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். பற்களுக்கும் ஈறுக்கும் இடையே காற்று கசிந்து சில எழுத்துகளின் உச்சரிப்பு மாறுவதும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், நான்கு அல்லது ஆறு இம்பிளான்ட்களில் பூட்டிக்கொள்ளும், தினமும் கழற்றிக் கழுவக்கூடிய பல்வரிசைதான் பலருக்கு மிகப் பொருத்தமானதாக இருக்கும். கழற்றி மாட்டுவது என்றாலே தரம் தாழ்ந்தது என்ற எண்ணம் நோயாளிகளிடமும், வருத்தத்தோடு சொல்கிறேன், மருத்துவர்கள் சிலரிடமும் வேரூன்றியிருக்கிறது. உதட்டுக்குத் தாங்கலும் சுத்தம் செய்ய எளிமையும் ஒருங்கே தருவதைத் தாழ்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே, முதலில் மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்து, பல் எங்கே நிற்க வேண்டும், உதடு எப்படி அமர வேண்டும் என்று நோயாளியும் மருத்துவரும் கண்ணாடி முன் முடிவு செய்த பிறகே, இம்பிளான்ட் எங்கே என்ற கேள்வி எழ வேண்டும். அறுவை முடிந்தபின் பல் கட்டுபவரை அழைக்கும் வழக்கம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

நன்றாகச் செய்த சாதாரணப் பல்செட்டும் ஒரு வழிதான். மேல்தாடைப் பல்செட் அண்ணம் முழுவதும் படிந்து உறிஞ்சிப் பிடிப்பதால், கீழ்த்தாடைப் பல்செட்டைவிடப் பலருக்கு நன்றாகவே நிற்கிறது. ஆண்டுக்கணக்காகப் பழைய பல்செட்டைப் பசை தடவி அணிந்துவரும் ஒருவருக்கு, புதிதாக அளவெடுத்த ஒன்று தரும் நிம்மதியைச் சோதித்துப் பார்க்காமலே அறுவைக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடல்நிலை பற்றியும் சில சொல்ல வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இம்பிளான்ட் தோல்விக்கும் எலும்பு ஒட்டு ஆறாமைக்கும் வழிவகுக்கின்றன. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப் புரை நோய்க்காகவோ புற்றுநோய்க்காகவோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளைப் பெறுபவர்களுக்குத் தாடையெலும்பு ஆறாமல் அழிந்துபோகும் ஆபத்து உண்டு. இவர்கள் பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டியே ஆக வேண்டும். அதே சமயம், தாங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக, டெனோசுமாப் ஊசியைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் நேரக்கூடும். அந்த முடிவு மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு கலந்து எடுக்கப்பட வேண்டியது.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் இதுபற்றி மீண்டும் எழுதப்படுமானால், வாசகர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். என் ஸ்கேனில் எங்கே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது, அதைத் திரையில் காட்ட முடியுமா? எனக்குப் பொருந்தும் வேறு வழிகள் எவை, அவற்றை ஏன் விலக்குகிறீர்கள்? இந்த அறுவையைச் செய்யப்போகிறவர் இதே அறுவையில் எவ்வளவு அனுபவம் உள்ளவர்? ஓர் இம்பிளான்ட் தவறினால் அடுத்த திட்டம் என்ன, அதற்கு யார் பொறுப்பு? இக்கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் சிகிச்சை பெறுவதே பாதுகாப்பு. பதில் கிடைக்காத இடத்தில் கையெழுத்திடாமல் எழுந்து வந்து, இன்னொருவரின் கருத்தைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

சிகிச்சை முடிந்தவர்கள், எந்த நிறுவனத்தின் எந்த வகை இம்பிளான்ட், என்ன நீளம், என்ன விட்டம், எந்தத் தேதியில் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் ஒரு சிறு திருகு தளர்ந்தாலும், அந்தத் தாள் இல்லாவிட்டால் எந்தச் சாவி பொருந்தும் என்று அறியாமல் புதிய மருத்துவர் திணற நேரிடும்.

தங்கள் உண்மையுள்ள,
பல் மருத்துவர் ஒருவர்